மூன்று அங்குலக் குழாய்

பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் என் மச்சானுக்கு டீ கொடுத்தால் சர்க்கரை போடாமல் கொடுங்கள், சார். அவனாக வாய் திறந்து சொல்ல மாட்டான். கொடுத்ததைக் குடித்துவிட்டு, கால் எரிகிறது என்று அப்புறம் கிடந்து புரளுவான். சின்ன வயதில் தெருவில் யார் வீட்டுக் கண்ணாடி உடைந்தாலும் "நான்தான்" என்று முன்னால் போய் நிற்பானாம். அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் என்னை விட்டுப் போகவில்லை. பட்டறையிலேயே இருந்துவிட்டான். இப்போது உங்களிடமும் "நான்தான்" என்றிருப்பான். அதை வாக்குமூலமாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

கார்களுக்குப் புகைக்குழாய் செய்வது எங்கள் தொழில். வண்டியோடு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, கேட்கிற அளவில் புதிதாகச் செய்து மாட்டுவோம். என் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் வண்டியும் அப்படி வந்ததுதான். டர்போ வைத்த வண்டி. இன்ஜினிலிருந்து வெளியே ஓடும் புகையின் வேகத்திலேயே சுற்றுகிற சின்னக் காற்றாடி அது; சுற்றிச் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். அதற்குப் பின்னால் குழாய் குறுகலாக இருந்தால் புகை முட்டிக்கொண்டு நிற்கும். அகலமாகப் போட்டால் வண்டி தாராளமாக மூச்சு விடும்.

மாப்பிள்ளைக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

"மாமா, மூணு இஞ்ச்ல போட்டுடலாமா?"

"போடலாம் மாப்ள. அடியில எடம் வேணுமே."

"எடம் இல்லன்னா நான் எறங்கி நடந்து வரேன். குழாய் போகட்டும்."

நல்ல பிள்ளை. எனக்கு அவர்மேல் ஒரு குறையும் கிடையாது. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, என் வீட்டிலேயே வந்து இருக்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல் வந்தார். அவரும் நானும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அட்டையை வெட்டி வைத்து வைத்து, குழாய் எங்கே வளைய வேண்டும், எங்கே நேராக ஓட வேண்டும் என்று பார்த்ததெல்லாம் சந்தோஷமான நேரம்தான். குழாயை வளைக்கும்போது அது நசுங்கக் கூடாது, சார். நசுங்கினால் அகலம் போட்டதற்கே அர்த்தமில்லை. அதை நான் மெதுவாகத்தான் செய்வேன். எதையுமே நான் மெதுவாகத்தான் செய்வேன்.

என் மகளுக்கு ஒரே ஒரு கோரிக்கை. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமான பிறகும்.

"அப்பா, அந்த முனகல் இருந்தா நான் வண்டியில ஏறவே மாட்டேன். மண்டைக்குள்ள யாரோ மாவு அரைக்கிற மாதிரி இருக்கு."

அகலக் குழாய் போட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டிக்குள் அடித்தொண்டையில் ஒரு முனகல் எழும். அதை அடக்க, பக்கவாட்டில் முனை மூடிய ஒரு குழாயைச் சரியான நீளத்தில் பொருத்த வேண்டும். நீளம் சற்றுப் பிசகினாலும் பிரயோசனமில்லை. செய்தேன், கழற்றினேன், வெட்டினேன், மறுபடி செய்தேன். கடைசியில் உள்ளே உட்கார்ந்தால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாப்பா என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் நீ என் அப்பா" என்றாள். வண்டியில் ஏறினால் தூங்கிவிடுகிற பிள்ளை அவள். அவள் தூக்கம் கெடக் கூடாது என்று நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று மச்சானைக் கேளுங்கள், சொல்வான்.

குழாய் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் சொன்னார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது, போகிற போக்கில். மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, வீடுகூடப் பார்த்தாகிவிட்டது. மச்சானுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"ஏம்ப்பா மூஞ்சி இப்படிப் போகுது? மலைக்கு அந்தாண்டதானே. நெனச்சா வந்துருவோம்."

நினைத்தால் என்றாள், சார். நினைக்காவிட்டால்?

போகாதே என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எந்த உரிமையில் சொல்வது? உங்களுக்கும் பெண் இருக்கலாம், நீங்களே சொல்லுங்கள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

இந்த உள்ளங்கையைப் பாருங்கள். தோல் இழுத்து மடங்கியிருக்கிறதே, இது வேலையில் தவறிப்போய் வந்ததில்லை. பாப்பா வெளியூர்க் கல்லூரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டு நின்ற காலையில், அப்போதுதான் வெல்டு அடித்த குழாயை நானே எடுத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். அவள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். எனக்கு ஊட்டிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், உள்ளூரிலேயே படித்தாள். அதனால் அவளுக்கு என்ன கெட்டுப்போயிற்று? யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு கையைத் திரும்பத் திரும்பச் சுட்டுக்கொள்ள முடியாது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். குழாய்த் துண்டுகளை முதலில் வண்டிக்கு அடியில் வைத்தே நாலைந்து புள்ளியில் மட்டும் ஒட்டுவோம். பிறகு கழற்றி மேசைமேல் வைத்துச் சுற்றிலும் முழுதாக வெல்டு அடிக்க வேண்டும். புள்ளி மட்டும் வைத்த இணைப்பின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவோம். முழு வெல்டு அடித்தவன்தான் அந்தக் கோட்டைத் துடைக்கலாம். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. "அத்தான் போட்ட கோட்டத் தொட்டா கை அழுகிரும்" என்று மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அத்தனை வருஷத்தில் அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

முன் இருக்கைகளுக்கு நேர் கீழே வருகிற இணைப்பு ஒன்று. அதன்மேல் கோடு இருந்தது. நான் அதைக் கட்டைவிரலால் துடைத்தேன். வெல்டு அடிக்கவில்லை. துடைத்தேன், அவ்வளவுதான்.

மச்சான் சூடு தாங்கும் துணிச்சுருளோடு வந்தான். குழாயின் அனல் வண்டியின் அடித்தகட்டில் ஏறாமல் இருக்க அதைச் சுற்றுவோம்.

"அத்தான், எல்லாம் முடிஞ்சுதா? துணி சுத்தட்டா?"

"கோடு இருக்கான்னு பாரு."

குனிந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லையே."

"அப்புறம் என்ன."

நான் பொய் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே இறுக்கமாகச் சுற்றினான். இப்போது, துணி சுற்றுவதற்கு முன்னால் தடவிப் பார்த்திருக்க வேண்டும், தன் தப்புதான் என்று தலையில் அடித்துக்கொள்கிறான். தடவிப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு என்றுமே இருந்ததில்லை.

என் கணக்கு சாதாரணமானது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மலையேறும்போது குழாய் சூடாகி விரியும், இணைப்பு வாய் திறக்கும், சத்தம் வரும், கொஞ்சம் புகை நாற்றம், கொஞ்சம் தலைவலி. பாப்பாவுக்குத் தலைவலி சீக்கிரம் வரும். திரும்பிவிடுவார்கள். பாதி வழியில் படுத்த வண்டி என்று மாப்பிள்ளைக்கு அதன்மேல் வெறுப்பு வரும், அந்தப் பயணத்தின்மேலும் வரும். அதற்குமேல் நான் நினைக்கவில்லை என்றுதான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஆனால் இதையும் மேசைமேல் வைத்துவிடுகிறேன். ரப்பர் மூடி. வண்டியின் அடித்தகட்டில், அந்த இணைப்புக்கு மேலே ஒரு துவாரம், அதை அடைத்திருந்தது. அளவெடுக்கும்போது கழற்றினேன். திரும்ப வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

அவர்கள் கிளம்பிய காலையில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "மாமா, பூனை மாதிரி ஓடுது" என்றார். பாப்பா கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். நான் கிட்டே போய், "மேல பனிக்காத்து அடிக்கும், கண்ணாடிய நல்லா ஏத்தி வச்சுக்கோ கண்ணு" என்றேன். ஏற்றிக்கொண்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. மச்சான் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அழவில்லை. சாயங்காலம் வந்துவிடுவார்களே என்று இருந்தேன்.

சத்தம் வந்திருக்க வேண்டும், சார். துணியை அவன் அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தான். முனகலை நான் அவ்வளவு நேர்த்தியாக அடக்கியிருந்தேன். சத்தமில்லாமல் புகை மட்டும் அந்தத் துவாரம் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியிருக்கிறது, தூக்கம் என்று நினைத்து வளைவில் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். குளிருக்காக இன்ஜினை அணைக்கவில்லை. அவரை அங்கிருந்து அப்படியே பிணவறைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அவருடைய அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது?

பாப்பா பிழைத்துக்கொண்டாள். கண் திறந்திருக்கிறது. பேச்சில்லை. ஆள் தெரியவில்லை என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? மசித்த ஆகாரத்தைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தால் எனக்கு மட்டும் வாய் திறக்கிறாள். நர்ஸ் வைத்தால் வழிந்துவிடுகிறது. அவளுடைய பழைய அறையிலேயே படுக்கை போட்டிருக்கிறேன். சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன்.

ஆனால் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். முதுகுப் புண் வந்துவிடும். எனக்கு இந்தக் கை சரியாகப் பிடிக்காது. மச்சானை நீங்கள் இங்கே உட்காரவைத்துவிட்டால் நான் தனியாக என்ன செய்வேன்? அதற்காகத்தான் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைத் துடைத்தது நான், மூடியை எடுத்தது நான், கண்ணாடியை ஏற்றச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

போட்டவுடன் எங்களை அனுப்பிவிடுங்கள், சார். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிறது. பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?