கீபோர்டு வகுப்புத் தடையை எதிர்த்துப் பல் வைத்தியர் பேசியது

மாடிப்படி ஏறும்போதும் மிடுக்குக் குறையாத நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! தண்ணீர் மோட்டாரைத் தட்டியும் தடவியும் ஓடவைக்கும் செயலாளர் அவர்களே! முன் வரிசையில் முதுகுவலியோடும் முகமலர்ச்சியோடும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடேயே வந்திருக்கும் தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் கடைசி வரிசை நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் முதல் மாடிப் பல் வைத்தியனின் பணிவான வணக்கம்!

நாள் முழுக்கப் பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவன் நான். இன்று என் வாயைத் திறக்க வைத்துவிட்டது ஒரு தீர்மானம். என்ன தீர்மானம்? நம் குடியிருப்பில் எந்த வீட்டிலும் பியானோ, கீபோர்டு வகுப்பு நடத்தக் கூடாதாம்! சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். தூக்கினால் என்ன ஆகும்? அதோ, தூணோரம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே டீச்சர், அவர் ஒற்றை ஆள். அவர் வீட்டில் உலை கொதிப்பது அந்த வகுப்பால்தான். அது நின்றால் அவர் வேறு வீடு பார்க்க வேண்டும்.

இசை என்ன தரும் என்று கேட்கிறீர்கள். செவிக்கு இன்பம் தரும்! சிந்தைக்குத் தெளிவு தரும்! சினத்துக்குக் கடிவாளம் தரும்! எல்லாவற்றுக்கும் மேலாக அடக்கம் தரும்! ஆயிரம் பல்லைப் பிடுங்கிய கை என்ற அகந்தையோடு நானும் டீச்சரிடம் முதல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். நடுவிரலைத் தூக்கினால் மோதிர விரலும் கூடவே எழுந்து நிற்கிறது! டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "டாக்டர் சார், கட்டையை அமுக்கணும். பிடுங்கக் கூடாது."

அங்கே யார் சிரிப்பது? என் மனைவியா? சிரி, தாயே, நன்றாகச் சிரி!

தாளம் மனத்தில் ஊற வேண்டுமென்று மருத்துவமனையிலும் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒரு பஸ் டிரைவர். இடுக்கியைக் கையில் எடுத்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றேன். மனிதர் துள்ளி எழுந்தார். "சார்! ஒரு பல்லுதானே வலிக்குதுன்னு சொன்னேன்! நாலுமா?" கழுத்தில் கட்டிய துணியோடு தெருமுனை வரை ஓடிவிட்டார். காலுக்கு வேகமும் உடலுக்கு ஊக்கமும் தருவது இசையன்றி வேறெது?

சரி, சரி, புகாருக்கு வருகிறேன். மதியம் கண்ணயர்ந்தால் தலைக்கு மேலே 'டொக்கு டொக்கு' என்று இடிக்கிறது என்கிறார் தலைவர். மேல் வீடு டீச்சர் வீடு. ஆகவே குற்றவாளி டீச்சர்! "நீங்களே வந்து கேளுங்க டாக்டர்" என்று என்னைக் கையோடு அழைத்தும் போனார். சோபாவில் அமர்ந்தேன். இடித்தது! தலைவர் மேலே பார்த்துக் கொதித்தார்: "கேட்டீங்களா? கேட்டீங்களா? மனுசன் குடியிருக்க வேண்டாமா?" நான் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். தெருவில் காய்கறிப் பையோடு டீச்சர் நடந்து வந்துகொண்டிருந்தார்!

பூட்டிய வீட்டுக்குள் இடித்தது யார்? பேயா? பேய் எந்தக் காலத்தில் மதியம் உழைத்தது? எனக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசிப்பவர் காதில் தேன் பாயும். வெளியே இருப்பவர் காதிலோ பிளாஸ்டிக் கட்டை தட்டுப்படுவதும், தரையில் கால் தாளம் போடுவதும்தான் விழும். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று வாசிப்பவர் சத்தியம் செய்வார்! இந்தத் தவறைச் செய்யாத மாணவர் டீச்சரிடம் ஒருவர்கூட இல்லை. நான் அறைக்குள் அலமாரி செய்கிறேன் என்றே என் மனைவி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

தலைவர் அவர்களே, அந்த ஓசை மேலேயிருந்து வரவில்லை. உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து வந்தது! உள்ளே இருந்தது யார்? சொல்ல மாட்டேன்! என் பல்லையே பிடுங்கினாலும் சொல்ல...

அம்மா? நீங்களே எழுந்துவிட்டீர்களா? அமைதி, அமைதி! தலைவரின் துணைவியார் பேசுகிறார்! பின்னால் கேட்கவில்லையா? அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நாந்தாங்க அது. நானும் டீச்சர்கிட்டதான் கத்துக்கிறேன். இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேலைன்னு கேப்பாரேன்னு பயந்து, தூங்கப் போறேன்னு கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சேன். என்னால டீச்சர் வீடு மாறக் கூடாதுங்க."

தலைவர் முகத்தைப் பாருங்கள்! வேண்டாம், பார்க்காதீர்கள், பாவம்!

அம்மா, மேடைக்கு வாருங்கள். என் கீபோர்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். வாசியுங்கள்.

ஆகா! தடுமாறுகிறதா? தடுமாறட்டும்! தப்பு வருகிறதா? வரட்டும்! கதவைச் சாத்திக்கொண்டு பயந்து பயந்து வாசித்த விரல், இன்று ஊர் பார்க்க வாசிக்கிறதே, இசை கற்றதற்கு இதைவிடப் பெரும்பயன் என்ன வேண்டும்? தட்டுங்கள் கைகளை! கூரை அதிரத் தட்டுங்கள்! இன்று யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள்!

இப்போது சொல்லுங்கள். வகுப்பு வேண்டாம் என்போர் கை தூக்கலாம். ஒருவரும் இல்லையா? இதோ ஒரு கை... தலைவர் அவர்களே, நீங்களா? இத்தனைக்குப் பிறகுமா? என்ன சொல்கிறீர்கள்? இங்கே வந்து சொல்லுங்கள்!

"வகுப்பு இருக்கட்டுங்க. ஒரே ஒரு திருத்தம். வீட்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிக்கிறதைத் தடை பண்ணுங்க. அவ வாசிக்கிறது எனக்கும் கேக்கணும்."

பெரியோர்களே, தாய்மார்களே! இந்தத் திருத்தத்தை முழு மனத்தோடு வழிமொழி... யாரது, என் மனைவியா? நீ எதற்கு எழுந்து நிற்கிறாய்?

"முதல் மாடியில எங்க வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு வேணும்ங்க!"

விதிவிலக்கோடு திருத்தம் நிறைவேறியது! டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வகுப்பு உண்டு! பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், தூக்காமல் இருந்த கைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!