கத்தி போகாத சரிவு

கிழங்கு ஆறிவிட்டால் வாயில் வைக்க விளங்காது, மாமா. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். நான் வரச்சொன்ன போலீஸ் படகு மதியத்துக்கு மேல்தான் வரும்.

நம் தீவில் நிலம் பெண்வழி. அம்மா செத்த பிறகு இந்தக் காடு என்னுடையது. ஆனால் மரக் கம்பெனிக்காரன் எந்தக் காலத்தில் பெண்ணைக் கேட்டான்? முதல் தடவை உங்களிடம் கையெழுத்து வாங்கினான். நம் மரம் ஏறிய கப்பல் போன அதே வருடம் நான் கடல் தாண்டி சூவா நகரத்துக்குப் படிக்கப் போனேன். குடும்பத்தில் முதல் பட்டம். எதை விற்றுப் படித்தேன் என்பதை நான் மறைத்ததில்லை.

திரும்பி வந்தபோது சரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. கடலிலிருந்து பார்க்கிறவன் காடு என்பான். அது வெறும் கொடி. மரம் போய் வெயில் விழுந்த இடமெல்லாம் படர்ந்து, மிஞ்சியதையும் மூடிச் சாகடிக்கிற கொடி. நானும் தம்பி ஜெமுவேலும் ஒன்பது வருடம் அதை அறுத்தோம், கன்று நட்டோம்.

"நாலு வருசம் படிச்சுட்டு வந்து கொடி அறுக்குற. நான் படிக்காமலே அறுக்குறேனேக்கா."

"என் கழுத்த அறுக்காம கொடிய அறுடா."

போன வருடம் கம்பெனி மறுபடி வந்தது. மேட்டில் மிச்சமிருந்த பெரிய மரங்கள் வேண்டுமாம். என் கன்றுகளுக்கு நடுவே சாலை போடுவார்களாம். இந்தத் தடவை ஜெமுவேலைப் பிடித்தார்கள். அவன் சரி என்றுவிட்டான்.

"வேணாம்டா."

"என் பொண்ணு மெரிலின் படிக்க வேணாமா?"

"வேற வழி பாக்கலாம்."

"நீ எந்த வழியிலக்கா படிச்ச?"

கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் யோசித்தேன். நம் ஆள் ஒருவர் செத்து விழுந்த காட்டில் கத்தி போகக்கூடாது. அந்த வழக்கத்தை மீறினால் ஊர் சும்மா விடாது என்று கம்பெனிக்கும் தெரியும். அந்தச் சரிவில் அதுவரை யாரும் சாகவில்லை.

கொடி பின்னிய பட்ட மரத்தை வெட்டினால் அது பின்னால் நிற்பதையும் இழுத்துக்கொண்டு விழும். அதனால் நான் முன்னே போய்ப் பார்த்து, கொடி அறுபடாத மரத்தில் தாழை ஓலை கட்டுவேன். ஓலை இல்லாவிட்டால் ஜெமுவேல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெட்டுவான். அவன் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், ஒரு மரத்தில் கட்டிய ஓலையை நானே அவிழ்த்தேன்.

"இது சுத்தமாக்கா?" ஒருநாளும் கேட்காதவன் அன்று கேட்டான்.

"சுத்தம்தான்."

பின்னால் நின்ற மரம் அவன்மேல் சாய்ந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "நீ தள்ளித்தான நின்ன?" என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

கம்பெனி போய்விட்டது. ஆனால் கத்தி போகக்கூடாது என்றால் என் கத்தியும் போகக்கூடாது. இதை யோசிக்காமல் விட்டேன், மாமா, இவ்வளவு படித்தும். பதினோரு மாதமாகக் கரையில் நின்று பார்க்கிறேன். கொடி ஒவ்வொரு மரமாக ஏறுகிறது. அவன் நட்ட வரிசை இப்போது கண்ணுக்கே தெரியவில்லை.

செத்தவன் எப்படிச் செத்தான் என்று வீட்டின் மூத்த பெண் தாய்மாமன் முன்னால் உள்ளதைச் சொன்னால்தான் தடை நீங்கும். சொல்லிவிட்டேன். தம்பியைக் கொன்றது நான். அதனால் இன்றிலிருந்து சரிவுக்குள் கத்தி போகலாம்.

கதவோரம் நின்று கேட்ட மெரிலின் அழுகிறாள். அழட்டும். அவள் தன் அம்மா வழிப் பிள்ளை, இந்தக் காட்டில் அவளுக்கு ஒரு கன்றுகூடக் கிடையாது. இருந்தாலும் நாளைக்குக் கொடி அறுக்க அவளையும் கூட்டிப் போங்கள். தன் அப்பா நட்டது என்று தெரிந்தால் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும்.