அந்த எண்ணைத் தந்தது நான்

மாலையின் பாரத்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் அமர்ந்திருக்கும் குருதிக்கொடை மன்றத் தலைவர் ரஹ்மத்துல்லா அவர்களே! நாலு தெருவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டிய செயலாளர் காமராஜ் அவர்களே! ஐந்து மணி என்றதை நம்பி ஐந்து மணிக்கே வந்துவிட்ட பெரியோர்களே! தாடிக்கொம்பிலிருந்து பூக்கட்டும் வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

மன்றத்தின் செயலியை எழுதிய தமிழ்மதி நான். 'மூன்றே நாளில் முடித்த மங்கை' என்று வரவேற்புரையில் புகழ்ந்தார்கள். கைதட்டினீர்கள். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ரத்தம் தர முன்வந்தவர்கள் பெயரைத் தந்தார்கள், முகவரியைத் தந்தார்கள், கைப்பேசி எண்ணைத் தந்தார்கள். நம்பித் தந்தார்கள். நான் என்ன செய்தேன்? ஆளுக்கொரு வரிசை எண் போட்டேன். செயலியில் உங்கள் விவரப் பக்கத்தில் இருபது என்றிருப்பதை இருபத்தொன்று என்று மாற்றினால், அடுத்தவர் விவரம் அப்படியே வரும். கேட்பது யார் என்று சோதிக்க ஒரு வரி போதும். அதை நான் எழுதவில்லை. பூட்டு செய்யும் ஊரில் கதவே இல்லாத வீடு கட்டினேன்.

எவனோ மாற்றிப் பார்த்தான். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கையின் எண் கிடைத்தது. அழைத்தான்.

"எந்த ஆஸ்பத்திரிண்ணே? ஒடனே வாரேன்."

"ரத்தம் வேணாம்மா. செத்த நேரம் பேசுனாப் போதும்."

எண்ணை நாலு பேருக்கு அனுப்பினான். நாலு நாற்பதானது.

அந்தப் பெண் யார் என்றா? முன்வரிசை அண்ணே, கேட்காதீர்கள். அவள் விவரத்தை ஒருமுறை ஊருக்குத் தந்தவள் நான். இரண்டாம் முறை தரமாட்டேன்.

புகார் வந்த அன்றே அடைத்திருக்கலாமே? முடியவில்லை. நான் எழுதியது எனக்கே புரியவில்லை. நிரலில் பெயர் என்று எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ் என்று எழுதியிருந்தேன். எண் என்று எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ் புதுசு. உதவிக்கு வந்த நிரலாளர் இளஞ்செழியன் அண்ணன் திரையைப் பார்த்தார்.

"ஏலே, எவன்டா இத எழுதுனது? கையில கெடச்சான்..."

"நான்தாண்ணே."

"நல்லாருப்ப தாயி."

ஓரிடத்தில் தொட்டால் ஒன்பது இடத்தில் உடைந்தது. ஓட்டையை அடைக்கும்வரை செயலியை நிறுத்துங்கள் என்றேன். மன்றத்துக்குக் கேவலம் என்றார்கள். எது கேவலம்? பதினோரு நாள் அவள் கைப்பேசி அடித்ததே, அது கேவலமில்லையா? பன்னிரண்டாம் நாள் அடிக்கவில்லை. வீட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். படிப்பையும் நிறுத்தினார்கள். தவறு செய்தவளுக்கு மேடை. தானம் தந்தவளுக்குச் சிறை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார்.

"நீதான் எம்பொண்ணு நம்பர ஊருக்குக் குடுத்தவளா? உள்ள வா, காப்பி குடி. அவளே எவனுக்கோ குடுத்துட்டான்னு அவ அப்பா நெனைக்கிறாரு. நீ இங்க சொன்னா நம்ப மாட்டாரு. ஊரு கேக்கச் சொல்லு."

இன்று தலைவர் பொத்தானை அழுத்தித் தொடங்கி வைக்கும் புதிய செயலியில் ரத்தம் தருபவர்களின் புகைப்படமும் உண்டு. எழுத எனக்குத் தந்தது இரண்டு நாள். சென்ற முறையைவிட ஒன்று குறைவு, வளர்ச்சிதான். இன்னொருவர் படித்துப் பார்த்தாரா? இல்லை. உடைத்துப் பார்த்தாரா? இல்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டதா? ஆகிவிட்டது!

ஆறு வாரம் தாருங்கள். அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். இளஞ்செழியன் அண்ணன் படிக்கட்டும், திட்டட்டும், உடைக்கட்டும். உடையாதது மட்டும் ஊருக்கு வரட்டும். தலைவர் அவர்களே, பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.

எடுத்துவிட்டார். நன்றி அண்ணே. கைதட்ட வேண்டாம், அடுத்த வரி தெருவுக்குக் கேட்க வேண்டும்.

ஐயா, உங்கள் மகள் தன் எண்ணை எவனுக்கும் தரவில்லை. தந்தது நான். திங்கட்கிழமை அவளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

இங்கே கேட்டவர்களுக்கு என் நன்றி. அந்த வீட்டுக்கு என் வணக்கம்.