வெள்ளைக் காடையில் ஆண் எது

காடைக் கொட்டகையின் வாடை புதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். முட்டை அறைத் தாழ்ப்பாளை யார் போட்டது என்று கேட்டீர்கள். நான்தான் போட்டேன். ஏன் என்று சொல்ல, காடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாதாரணக் காடையில் ஆண் பெண் பார்ப்பது சின்னப் பிள்ளை வேலை. மார்பு ஒரே செம்மண் நிறமாக இருந்தால் ஆண். கரும்புள்ளி தெளித்திருந்தால் பெட்டை. வெள்ளைக் காடைதான் ஆளை ஏமாற்றும். கையில் மல்லாத்திப் பிடித்து, வாலடியில் இருக்கும் புடைப்பை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். நுரை வந்தால் ஆண். ஒரு கூண்டில் நாலைந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இன்னொன்று தெரியாமல் நுழைந்துவிட்டால் ஒன்றின் மண்டையை ஒன்று கொத்திக் கிழித்துவிடும். பெட்டைகளும் சேர்ந்து அடிபடும். அதிகப்படியான ஆணை எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

என் தம்பியை எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே தங்கி, காடைகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான். என் மனைவி வாளியைத் தூக்கினால் "நீங்க விடுங்க அண்ணி" என்று ஓடி வந்து வாங்கிக்கொள்வான். நான் உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் பேச்சும் நின்றுவிடும். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். கையும் களவுமாக எதுவும் அகப்படவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

அந்த நாட்களில் அவள்மேல் என் கை நீண்டது உண்மை. நான் முன்கோபி அல்ல. கூண்டுக்குள் இன்னோர் ஆண் இருந்தால் எந்த ஆணும் அப்படித்தான் ஆவான்.

எனவே அவனையும் அழுத்திப் பார்த்தேன். சாப்பிடும்போது, "நாளைக்கு வெளியூர் போறேன். வர ரெண்டு நாளாகும்" என்றேன். அவள் தலையே நிமிரவில்லை. அவன்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அப்போ அண்ணியை அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வரேண்ணே. கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும். நெத்திக் காயமாவது ஆறும்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

முட்டை அறையில் கிருமி சாகப் புகை போடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. காலையில், பின்வரிசைத் தட்டுகளை ஒழுங்காக அடுக்கச் சொல்லி அவனை அனுப்பினேன். புகையை வைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன்."

"தெரியும்டா."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஐயா. விபத்து என்று சொன்னவர்கள் அக்கம்பக்கத்தார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அழவும் செய்தேன். கூடப் பிறந்தவன் அல்லவா.

அதோடு வீடு அடங்கியிருக்க வேண்டும். ஆனால் நேற்றும் என் கை நீண்டுவிட்டது. அவள் நெற்றியில் அதே இடம் மறுபடி பிளந்துவிட்டது. காரணமில்லாமல் அடிப்பவன் நான் அல்ல. ஆக, இன்னும் ஒருவன் இருக்கிறான். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்தீர்கள்.

இதையெல்லாம் விசாரிக்கச் சொல்லி அவள் உங்களைத் தனியாகவா வந்து பார்த்தாள், ஐயா?