பருப்புக்கு என்ன பேர் என்று கேட்டார்கள்

ஓடுகிறோம். எங்கும் பனி. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

பின்னால் கண்ணாடி உடைகிறது. சலீர். மறுபடியும் சலீர். அப்புறம் பஸ்ஸின் தகரத்தில் கல் விழுகிறது. டம். டம். யாரோ ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். டிரைவரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது.

"நிக்காதீங்க! ஓடுங்க! கிருஷ்ணாயிலு ஊத்துறானுங்க!"

என் கொழுந்தன் ஞானமுத்து என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடுகிறான். அவன் சட்டை நுனி என் இடது கையில். வலது கையில் தூக்கு. மூடி போட்ட பித்தளைத் தூக்கு. கம்பளியால் சுற்றியிருக்கிறேன். அப்படியும் தொடையில் சுடுகிறது.

"அண்ணி, அதக் கடாசிட்டு வாங்க!"

கடாசவில்லை. ஏன் என்று பிறகு பலர் கேட்டார்கள். அது என் கணவருக்கான சாப்பாடு. அவ்வளவுதான்.

சாலையை விட்டு இறங்குகிறோம். காலில் கொடி சிக்குகிறது. மொச்சைக் கொல்லை. விழுகிறோம். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்கிறோம். எஸ்தர் அழவில்லை. அவள் பல் தந்தியடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. பனியில் நனைந்த மொச்சையின் வாசனை மூக்கில் ஏறுகிறது. மார்கழியில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கும் வாசனை.

ஆந்திரம் தனி மாநிலமாகி இரண்டாவது மார்கழி அது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று முடிவாகவில்லை. சுவரில் ஒரு நாள் தமிழில் எழுதினார்கள். மறுநாள் அதன்மேல் தார் பூசித் தெலுங்கில் எழுதினார்கள். நான் நகரியில் பள்ளிக்கூட டீச்சர். காலையில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானம் தெலுங்கு சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

என் கணவர் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். குளிர் வந்தால் அவருக்கு இழுப்பு வரும். அந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரொட்டியும் கஞ்சியும் கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. உடம்பில் தெம்பு இல்லாமல் மருந்து வேலை செய்யாது, அவருக்கு எது பிடிக்குமோ அதைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கணவரிடம் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"களியும் பிதுக்குப் பருப்பும் கொண்டா. சூடா கொண்டா."

எங்கள் பக்கத்துக் குளிர்காலச் சாப்பாடு அது. பச்சை மொச்சையை உரித்து ஊற வைப்போம். ஒவ்வொரு கொட்டையாக எடுத்து இரண்டு விரலால் அழுத்துவோம். தோல் கையில் நிற்கும். பருப்பு துள்ளி வெளியே விழும். தேங்காய், கசகசா, பூண்டு, பட்டை, காய்ந்த மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் வீடே சூடாகும். கேழ்வரகுக் களி உருண்டையில் கட்டைவிரலால் குழி செய்து அதில் குழம்பை ஊற்றித் தின்ன வேண்டும். நெஞ்சு வரைக்கும் சுடும். மூக்கில் நீர் வரும். இழுப்புக்காரருக்கு அது பாதி மருந்து.

முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பிதுக்கினோம். நான், எஸ்தர், ஞானமுத்து, பக்கத்து வீட்டு சுப்பம்மா. சுப்பம்மா வீட்டில் தெலுங்கு. இதற்கு அவர்கள் பிதிகின பப்பு என்பார்கள். அடுப்பில் இரண்டும் ஒன்றுதான். ஞானமுத்து நெசவுக்காரன். நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிபோடுகிற விரல். ஆனால் பருப்பை அழுத்தினால் அது கூரைக்குப் போயிற்று.

"ஏமய்யா, ஒரு பப்பு பிதுக்கத் தெர்ல. உனக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்றாள் சுப்பம்மா.

"நீ குடுக்கா. நான் தறி நெய்யறேன், உம்பொண்ணு பிதுக்கட்டும்."

"எம்பொண்ணுக்கு இன்னும் பல்லே மொளைக்கல!"

"பரவால்ல, களிக்குப் பல்லு எதுக்கு?"

எஸ்தர் ஒரு கை நிறையத் தோலை அள்ளி அவன் தலையில் போட்டாள். "பப்பு துள்ளுது, சித்தப்பா, பப்பு துள்ளுது" என்று குதித்தாள்.

இதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு அப்போது ஐந்து வயது. சோறு மம்மு. பருப்பு பப்பு. தமிழ்க் குழந்தைகள் அப்படித்தான் பேசத் தொடங்கும். வளர்ந்ததும் விட்டுவிடும். தெலுங்கில் வளர்ந்தவர்களுக்கும் பருப்பு பப்புதான். அந்த ஒரு சொல் தமிழில் குழந்தைப் பேச்சு. தெலுங்கில் பெரியவர்கள் பேச்சு.

விடியலில் களி கிளறி இறக்கினேன். தூக்கின் அடியில் குழம்பு. மேல் தட்டில் களி. முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மூன்று பேர் ஏறினோம். புத்தூருக்கு முன்னால் சாலையின் குறுக்கே மரம் கிடந்தது.

இப்போது கொல்லையில் கிடக்கிறோம். பனிக்குள் ஒரு வெளிச்சம். மஞ்சளாக. பிறகு சிவப்பாக. பஸ் எரிகிறது. டயர் வெடிக்கிறது. கொக்குகள் எழுந்து பறக்கின்றன.

பிறகு கால் சத்தம். ஈர மண்ணில் சளக் சளக். கொடிகளை விலக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"எவரு அக்கட? லேய்!"

"வெளிய வாங்கடா! பாத்துட்டோம்!"

இரண்டு குரல். இரண்டு பாஷை. ஒரே கூட்டம். எழுந்து நின்றோம். ஐந்தாறு பேர். முகத்தில் துண்டு. கையில் கழி. ஒருவன் தோளில் கோணி. குளிரில் எல்லோருக்கும் உடம்பு நடுங்கியது. அவர்களுக்கும்.

அவர்கள் யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவனும் ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பான். "எந்த ஊரு?" என்றான் ஒருவன். "நகரி" என்றேன். அது பதில் இல்லை. நகரிக்காகத்தான் சண்டையே.

கோணிக்காரன் தூக்கைப் பிடுங்கினான். மூடியைத் திறந்தான். ஆவி எழுந்தது. எல்லோரும் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார்கள்.

"இதுக்கு உங்க ஊட்டுல இன்னா பேரு?"

எனக்கு இரண்டு பேரும் தெரியும். இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். எதைச் சொன்னால் விடுவார்கள் என்று தெரியவில்லை. அவன் "இன்னா" என்றான். சுப்பம்மாவும் என்னிடம் "இன்னா" என்றுதான் பேசுவாள்.

சித்தப்பாவின் தோளிலிருந்து எஸ்தர் சொன்னாள்.

"பப்பு."

கோணிக்காரன் சிரித்தான். துண்டுக்கு மேலே கண் சுருங்கியது.

"பப்பாம்டா. பாப்பாவுக்குப் பப்பு வோணுமாம்." அவள் கன்னத்தைத் தட்டினான். "கொழந்தைய எறக்குடா. அம்மாவாண்ட போ, கண்ணு."

எஸ்தர் என் காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வந்தது விடுதலை. அது எதனால் வந்தது என்று எனக்கு அப்போதே புரிந்தது. அந்தச் சிரிப்பு, தமிழ் வீட்டில் குழந்தையைக் கொஞ்சும் சிரிப்பு. இவர்கள் நம்மவர்கள். மூச்சு வந்தது.

ஞானமுத்துவுக்கு அப்படிப் புரியவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதும் சிரித்தார்கள், விட்டார்கள். ஆகவே தெலுங்குக்காரர்கள். அவன் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நான் என் வாயைத் திறப்பதற்குள் அவனைக் கேட்டுவிட்டார்கள்.

"நீ சொல்லு. நீ இன்னா சொல்லுவ?"

"பப்புதான், அன்னா. பிதிகின பப்பு."

சிரிப்பு நின்றது.

"கொல்ட்டிடா!"

"இல்ல! தமிழ்தான்!" என்று கத்தினேன். "என் கொழுந்தன்! நெசவுக்காரன்! எங்க கூடப் பொறந்த மாதிரி!"

"டீச்சரம்மா மாதிரி இருக்கீங்க. நீங்க தமிழு, தெரியுது. கூட வந்த பாவத்துக்கு அவனைத் தாங்காதீங்க. ஒதுங்குங்க."

"கொழந்தை சொன்னதப் பாத்துச் சொல்லிட்டான்! பயந்துட்டான்!"

"தமிழனா பொறந்தவன் மீசை மொளைச்ச அப்புறம் பப்புன்னுவானா?"

ஞானமுத்து தமிழில் கெஞ்சினான். பருப்பு, பருப்பு, பிதுக்குப் பருப்பு என்றான். கர்த்தரே என்றான். அண்ணா என்றான். தமிழ்தான், நல்ல தமிழ். யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டும் வரும். அதனால் இரண்டும் சாட்சியாகாது.

சாலையோரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பனி மூடிக்கொண்டது. நான் பின்னால் ஓடினேன். ஒருவன் கழியைக் குறுக்கே பிடித்தான். தாண்ட முடியவில்லை. எஸ்தரின் காதுகளை என் இரண்டு கையாலும் மூடினேன். என் காது திறந்தே இருந்தது. கழி விழும் சத்தம். முதலில் துணி உதறுவது போல. பிறகு வேறு மாதிரி. அவன் குரல். பிறகு அவன் குரல் இல்லை. கழி மட்டும்.

என்னைத் தடுத்தவன் தரையில் குந்தினான். கோணிக்காரன் விட்டுப்போன தூக்கை இழுத்து வைத்துக்கொண்டான். களியைக் கிள்ளினான். கட்டைவிரலால் குழி செய்தான். குழம்பை ஊற்றினான். துண்டை மூக்கு வரைக்கும் தூக்கித் தின்றான். எங்கள் வீட்டில் தின்பது போலவே தின்றான். மூக்கைப் புறங்கையால் துடைத்தான். பசித்தவன். இளவயது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. லாரி சத்தம். "போலீசு! பரிகெத்து!" என்று ஒருவன் தெலுங்கில் கத்தினான். தமிழுக்காக அடித்தவர்கள் தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அது அவர்களில் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஞானமுத்து புளியமரத்தடியில் கிடந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. நான் கம்பளியை அவன் மேல் போட்டேன். தூக்கைச் சுற்றியிருந்த கம்பளி. அதில் இன்னும் சூடு இருந்தது. அவன் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"நான் சரியாத்தான சொன்னேன், அண்ணி?"

"ஆமா தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாட்டு வண்டி கிடைத்தது. புத்தூர் வரைக்கும் அவன் தலை என் மடியில். ஊர் எல்லையில் மூச்சு நின்றது. வண்டிக்காரர் தெலுங்குக்காரர். தலைப்பாகையைக் கழற்றினார். எஸ்தருக்குத் தன் துண்டைப் போர்த்தினார். ஒன்றும் பேசவில்லை. பேசினால் எந்தப் பாஷையில் பேசுவது என்று யோசித்தாரோ என்னவோ.

அடுத்த நாள் திருப்பதிக்குப் போனேன். வெறுங்கை. வார்டில் கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாசனை வருகிறதா என்று பார்ப்பது போல முகத்தைத் தூக்கினார். பிறகு என் புடவையைப் பார்த்தார். அதிலிருந்த கறையைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் அழவில்லை. இருமினார். அன்று மாலை ரொட்டி கொடுத்தார்கள். தின்றார். கஞ்சி கொடுத்தார்கள். குடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை இது பிடிக்கும், அது வேண்டும் என்று அவர் எதையும் கேட்டதில்லை. வைத்ததைத் தின்கிறார். உடம்பு தேறியது. டாக்டர் மகிழ்ந்தார்.

சுப்பம்மா துக்கத்துக்கு வந்தாள். வாசலில் நின்று அழுதாள். உள்ளே வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எங்கள் சர்ச் சபையார் என்ன சொல்வார்களோ என்பதற்காக அல்ல. தெம்பு இல்லை. அடுத்த குளிருக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சித்தூருக்குப் போய்விட்டார்கள்.

எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம். நகரி இந்தப் பக்கம், ஆந்திரத்தில். பஸ் ஓடுகிறது. எரிந்த இடத்தில் சாலை போட்டுவிட்டார்கள். எஸ்தர் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்குப் போகும்போது, அம்மா, இன்றைக்கு யாராவது கேட்டால் எதில் பதில் சொல்லட்டும் என்று கேட்கிறாள். என் பள்ளி முடிந்து வந்தால், அவள் வீடு திரும்பும் வரை வாசலை விட்டு நகர முடிவதில்லை எனக்கு. போன மார்கழியில் ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"சித்தப்பாவும் நான் சொன்னதையேதானம்மா சொன்னாரு?"

நான் டீச்சர். எனக்குப் பதில் தெரியும். இன்னும் சொல்லவில்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். மறக்கிறவர்கள் படிக்கட்டும்.

ஞானமுத்து. வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தறியில் பாதி நெய்த புடவை ஒன்று. அதை வேறொருவர் நெய்து முடித்தார். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. பஸ் ஒன்று. அதில் வந்த ஒரு பெண்ணின் குழந்தை. பெயர் தெரியவில்லை. அவள் கத்தின பெயர் காதில் இருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை. பக்கத்து வீடு ஒன்று. என் கணவரின் நாக்கில் ருசி.

அடித்தவர்கள் தமிழர்கள். எங்கள் ஆட்கள். அதையும் போனதில்தான் சேர்க்கிறேன்.