திங்கள்தோறும் ஒரு விமான நிலையத்தை மூடியவருக்கு

வானில் வழி வகுத்த வல்லுநரே, வழி அடைபட்ட நாளுக்கும் வேறு வழி வைத்திருந்த வித்தகரே, மேசையில் தேநீர் ஆறினாலும் முகத்தில் பதற்றம் ஏறாத எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்.

விமானம் பறக்க வழி போடுவோர் பலர் இருக்கலாம்; பறக்க முடியாத நாளுக்கென்று வழி போட்டு வைத்தவர் தாங்கள். திங்கட்கிழமைதோறும் நம் வழித்தடத் திட்ட அறையின் சுவர் வரைபடத்திலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி மேசைமேல் வைப்பீர்கள். “இந்த விமான நிலையம் இன்னிக்கு இல்ல. பயணிங்கள எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பீங்க?” என்பீர்கள். ‘மூடுவிழா அக்கா’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் நாங்கள்தான். அது தங்கள் காதுக்கு எட்டிய மறுவாரமே இரண்டு ஊசிகளைப் பிடுங்கினீர்கள்.

விமானங்களையெல்லாம் திருப்பிவிட்டுப் பெருமிதத்தோடு நிமிர்வோம். “விமானம் சரி. ஓட்டறவங்க எங்க தூங்கறாங்க?” என்று கேட்பீர்கள். விமானிகளை மூடிய ஊரின் விடுதியிலேயே உறங்கவிட்டு, ஆளில்லாத விமானங்களை அட்டவணையில் பறக்கவிட்டிருப்போம். அநேகமாக ஒவ்வொரு முறையும்.

எல்லா விமானங்களும் வந்து கூடும் தலைமை நிலையத்தைத் தொடாமல் சிற்றூர்களை நேரே இணைத்த வழித்தடங்கள் பாதி காலியாக ஓடுகின்றன, வெட்டுங்கள் என்றார் நம் கணக்கு அதிகாரி. பதவியே போனாலும் போகட்டும் என்று அவற்றைக் காத்தீர்கள். பெருவெள்ளத்தில் தலைமை நிலையத்தின் ஓடுபாதை மூழ்கியபோது, அந்தப் பாதி காலி விமானங்கள்தாம் நிரம்பி வழிந்து பயணிகளை வீடு சேர்த்தன. விமானிகளும் சரியான ஊரில்தான் தூங்கியிருந்தார்கள். ‘அப்பவே சொன்னேனே’ என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் கணக்கு அதிகாரியால் தாங்க முடியவில்லை.

தாங்கள் பணி ஓய்வு பெற்றுப் போனபின் இந்த அறை தாங்குமா என்பதே இந்த மாதம் முழுவதும் எங்கள் கவலை. கடந்த திங்களன்று தாங்கள் விடுப்பில் இருந்தபோது, தலைமை நிலையமும் இல்லை, தாங்களும் இல்லை என்று வைத்துக்கொண்டு பயிற்சி செய்தோம். எல்லா விமானங்களுக்கும் மாற்று வழி கிடைத்தது. ஆனாலும் எவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறோம் என்பது சற்று நேரம் கழித்தே புரிந்தது. கதவருகே நின்ற கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். “எல்லாம் சரி. ஓட்டறவங்க எங்க தூங்கறாங்க?”

பார்த்தோம். மூடிய ஊரில்தான். திருத்திவிட்டோம், அக்கா.

நிறைந்த ஆயுளும் குறையாத நலமும் தங்களை வந்து சேரட்டும். இனித் தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

என்றும் தங்கள் அன்பில்,
வழித்தடத் திட்டப் பிரிவினர்
(தாமே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்ட கணக்கு அதிகாரியும்)