கிழித்த பக்கம்

கீரனூரில் திருச்சி பஸ் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எல்லாம் சரியா இருந்துச்சு. அதனாலதான் கிழிச்சேன்,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“எதைங்க டீச்சர்?”

“ஹோம்வொர்க்கை. ‘பியூட்டி’யில இருந்து வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப்னு எல்லாக் கட்டமும் நெரப்பியிருந்துச்சு. ஆனா பிள்ளை எழுத்து இல்ல. கிளாஸ்லயே கிழிச்சுப் போட்டேன்.”

“யாரு எழுதுனதாம்?”

“அவ அம்மா. அஞ்சாவதோட நின்னவங்க. மக சத்தமாப் படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு, சமைச்சுக்கிட்டே கத்துக்கிட்டாங்களாம். அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு எழுதிக் குடுத்திருக்காங்க.”

“நேர்ல போய் அவங்களைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அதுக்குத்தான் நேத்துப் போனேன். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவங்க கையெடுத்துக் கும்பிட்டு, ‘இனிமே நோட்டைத் தொடவே மாட்டேன் டீச்சர்’ங்கிறாங்க.”